எட்டு கிலோ இருபது கிராம்

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் நடமாடக் கூடாது. அது பட்டாணியை எடை போடும் நேரம். பட்டாணி என் மகள், வயது ஒன்றே முக்கால். பிறந்த அன்று அவளைத் துணியோடு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பட்டாணி சைஸ்ல இருக்கா" என்றார் அவள் அப்பா. பிறகு நாங்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் தடுப்பூசி அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் அப்பா தராசு மெக்கானிக். காய்கறிக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, தபால் ஆபீஸ் என்று ஊரில் எங்கெல்லாம் தராசு இருக்கிறதோ அங்கெல்லாம் போய், சோதித்து, சரி செய்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவார். ஒரு கிளினிக்கில் தூக்கிப் போட இருந்த குழந்தைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டி, ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டார். கூடத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, அதன் மேல் அந்தத் தராசு. சாப்பாட்டு மேஜையாக இருந்தது அது. நாங்கள் அதற்குப் பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

ஏழு மணிக்கு முதலில் மின்விசிறியை நிறுத்துவார். காற்று பட்டால் எண் ஆடுமாம். அடுத்து ஜன்னலைச் சாத்துவார். நான் பட்டாணியின் உடுப்பைக் கழற்றி உட்கார வைப்பேன். அவர் குனிந்து பார்ப்பார். என் நாத்தனார், அவருடைய தங்கை, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் வாசல் கதவருகே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் எண்ணைப் படித்து நோட்டில் எழுதிய பிறகுதான் அவளுக்கு வெளியே போக அனுமதி. வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் கூட அவருக்குக் கோபம் வரும். இந்த மனுஷன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது கூட என்னை இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் அந்த எண்ணில்தான் எங்கள் உயிர் இருந்தது. பட்டாணியின் இதயத்தில், கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சுவரில் பெரிய ஓட்டை. "எட்டு கிலோ வரட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று இதய டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்குக் குறைந்த உடம்பு அந்த ஆபரேஷனைத் தாங்காது என்றார். செய்யாமல் விட்டால்? டாக்டரம்மா சுற்றி வளைத்துத்தான் பதில் சொன்னார். நான் விடாமல் வாயைப் பிடுங்கியதில், பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் இருக்க மாட்டாள் என்பது தெரிந்தது. மறுநாள்தான் அவர் கிளினிக் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எட்டு கிலோ என்ன அப்படியொரு பெரிய எடை? மற்ற வீடுகளில் எட்டு மாதக் குழந்தை அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். கீழ் வீட்டு டீச்சர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "என் பையன் இந்த வயசுல பன்னெண்டு கிலோ, தூக்கவே முடியாது" என்பாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனாலும் அந்த மாடிப்படியில் வைத்து அவளை மனதுக்குள் எத்தனை தடவை தள்ளிவிட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பட்டாணிக்குச் சாப்பிடுவது என்பதே படியேறுகிற வேலை. நான்கு வாய் பால் குடித்தால் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். மூச்சு வாங்கும். அப்படியே களைத்துத் தூங்கிப் போவாள். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தை எடுப்பேன். உருளைக்கிழங்கை மசித்து அதில் வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கருவில் வெண்ணெய், வாழைப்பழத்தில் கூட வெண்ணெய். நாத்தனார் சாயங்காலம் வந்து தலையில் டவலைக் கட்டிக்கொண்டு ஆடிக் காட்டுவாள், அந்தச் சிரிப்பில் வாய் திறக்கும்போது நான் ஒரு கரண்டி உள்ளே தள்ளுவேன். கெஞ்சினேன், பாடினேன், திட்டினேன். ஒரு நாள் எதற்கும் மசியாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாயைத் திறந்தவளுக்கு ஊட்டிவிட்டேன். இதய நோய் உள்ள குழந்தையின் மூக்கைப் பிடித்தவள் நான். இதை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியும் எண் ஏறவில்லை. ஏழு கிலோ நூறு. ஏழு கிலோ தொண்ணூறு. ஏழு கிலோ நூற்றுப் பத்து. பத்து வாரமாக அந்த நோட்டில் அதே எண்கள்தான் முன்னேயும் பின்னேயும் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், இவளுக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், நாள் முழுக்க நான் செய்த வேலைக்குக் கிடைத்த மார்க் அது என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நோட்டை மூடும்போது மட்டும் மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்கே நான் அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

பிறகு ஒரு நாள் ஏழு கிலோ நூற்று நாற்பத்தைந்து என்று வந்தது. மறுநாள் ஏழு கிலோ நூற்றுத் தொண்ணூறு. அதற்கு மறுநாள் இருநூற்று முப்பது.

"தராசுல ஏதோ கோளாறு" என்றார் அவர். "எந்தக் குழந்தையும் தினம் நாப்பது கிராம் ஏறாது. இவ ஏறவே மாட்டா."

"ஏறினாலும் குத்தமா?" என்றேன்.

"குத்தமில்லடி. பொய்யா இருந்தா என்னால தாங்க முடியாது."

அன்று வேலைக்கு லீவ் போட்டார். தன்னுடைய பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கையால் தொட மாட்டார், விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு கூட எடையில் சேருமாம். துணியால் பிடித்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ. ஐந்தும் இரண்டும் சேர்த்து. நடுவில் வைத்து, மூலையில் வைத்து. ஒரு மணி நேரம். நான் பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நிமிர்ந்து, "தராசு சரியா இருக்கு" என்றார். சொல்லும்போதே உதடு கோணியது. "நெசமாவே ஏறியிருக்கா. நெசமாவே ஏறியிருக்காடி." அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அடுப்பில் பால் இருந்தது, ஓடிப் போய் அதை இறக்கினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலை எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்களைப் பிடிக்க ஆளில்லை. எண் தினமும் ஏறியது. ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியது. கையை மடக்கினால் மணிக்கட்டில் கோடு விழுந்தது. கீழ் வீட்டு டீச்சரே, "சதை பிடிச்சிருக்காளே, என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டாள். வெண்ணெய் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சாப்பாடு அவ்வளவாக இறங்கவில்லைதான். பாதிக் கிண்ணம் மிஞ்சியது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. குடுக்கிறது இப்போதுதான் உடம்பில் ஒட்டுகிறது என்று நினைத்தேன். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணி மாற்றுவேன், அது ஆறாகி, ஐந்தானது. ஈரமும் அவ்வளவாக இல்லை. அதையும் நான் நல்லதற்குத்தான் எடுத்துக்கொண்டேன். துவைக்கிற வேலை பாதியானது என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். படுக்க வைத்தால் சிணுங்கி, தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால் மட்டும் தூங்கினாள். செல்லம் கூடிப்போச்சு என்றேன். தின்பது குறைகிறது, எடை ஏறுகிறது. இந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும் என்று கேட்க ஒரு படிப்பும் தேவையில்லை. நான் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடலாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேண்டாம். அடுத்த வியாழக்கெழம போறோம்ல? நேர்ல காட்டுவோம். டாக்டரம்மா முகத்தை நான் பாக்கணும்."

எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதனால் ஃபோன் செய்யவில்லை.

அந்த வியாழனுக்கு நான்கு நாள் முன்பு நாத்தனார் ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கான செருப்புக் கடை ஒன்றில் அவள் விற்பனைப் பெண். நாள் முழுக்கத் தரையில் முட்டி போட்டு, ஊரார் பிள்ளைகளின் பாதத்தை அளவுப் பலகையில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. சிவப்பு ஷூ, பக்கவாட்டில் பட்டன். போன மாதம் தானே அளவெடுத்துச் சொல்லி வைத்து வாங்கியது. பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தாள். ஏறவில்லை. கழற்றினாள். கட்டைவிரலால் பாதத்தின் மேல்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இங்க பாருங்களேன்."

"என்ன, சின்னதா வாங்கிட்டியா?"

"சின்னது இல்ல. நீளம் அப்படியேதான் இருக்கு. அகலம் மட்டும் கூடியிருக்கு. கொழந்தைங்க கால் இப்படி வளராது அண்ணி. நீளம்தான் மொதல்ல கூடும். நான் எவ்ளோ கால் பாக்கறேன்." சாக்ஸின் விளிம்பு பதிந்த இடத்தைக் காட்டினாள். "இந்தப் பள்ளம் பாருங்க, கழட்டி எவ்ளோ நேரம் ஆச்சு, அப்படியே இருக்கு."

எனக்கு வாய் நீளம். அது எனக்கே தெரியும். ஆனால் அன்று பேசியது வாய் மட்டும் இல்லை. ஒன்றே முக்கால் வருஷமாக நான் படாத பாடு பட்டு, முதல் தடவையாக என் குழந்தை குண்டாக இருக்கிறாள். அது இவளுக்குப் பொறுக்கவில்லையா என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

"ஒரு புள்ளைய பெத்து வளத்துட்டு அப்புறம் வந்து சொல்லு" என்றேன். "உன் கடை அளவை கடையிலயே வச்சுக்க. இங்க தராசு இருக்கு."

அவள் கல்யாணமாகி, பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். முகம் சுண்டிப்போனது. ஷூவை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவர் அங்கேதான் இருந்தார். "விடு, அவ ஏதோ பயத்துல சொல்றா" என்றார். அவரும் பாதத்தைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எட்டு கிலோ இருபது கிராம். அவர் தராசுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டாணிக்குப் பூப்போட்ட கவுன் போட்டுவிட்டேன், கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஷூ போடவில்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எடை போட்டபோது அவர் பக்கத்தில் நின்று, சிஸ்டர் படிப்பதற்கு முன்பே, "எட்டு இருபது வரும், டிரஸ்ஸோட ஒரு எண்பது கூட்டிக்குங்க" என்றார். சரியாக எட்டு நூறு வந்தது. அவருக்குக் காது வரைக்கும் சிரிப்பு. சிஸ்டர் எழுதிக்கொண்டார். போன தடவை எடையைப் பார்த்தார். பட்டாணியைப் பார்த்தார். பிறகு காலைக் கையில் எடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி இருந்தது. அந்தக் குழியை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அது நிரம்பவே இல்லை.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வேகமாகப் போனார். என் கணவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

டாக்டரம்மா வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். "எத்தனை நாளா இப்படி இருக்கா?" என்றார்.

அவர் நோட்டை நீட்டினார். "தினம் எழுதியிருக்கேன் டாக்டர். ஒரு நாள் விடல."

டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பினார். எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஏழு நூற்று நாற்பத்தைந்தில் விரல் நின்றது. அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

"இதெல்லாம் தண்ணிங்க" என்றார்.

"என்ன டாக்டர்?"

"சதை இல்ல. இதயத்தால ரத்தத்தைத் தள்ள முடியல. உடம்புல தண்ணி தேங்குது. மூணு வாரமா தேங்கிட்டு இருக்கு."

"தராசு சரியா இருந்துச்சு டாக்டர்" என்றார் அவர். "நான் சோதிச்சேன். எடைக்கல்லு வச்சு சோதிச்சேன்."

"தராசு சரிதான்" என்றார் டாக்டரம்மா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். "எடை சட்டுனு ஏறினா உடனே வரணும்னு நாங்க சொல்லியிருக்கணும். வீட்ல யாருமே தராசு வச்சிருக்கறதில்ல. அதனால அதை யார்கிட்டயும் சொல்றதில்ல. முகம் வீங்கினா, மூத்திரம் கொறஞ்சா வாங்கன்னுதான் சொல்லுவோம்."

சொல்லியிருந்தார்கள். முகம் வீங்கினால் என்று சொல்லியிருந்தார்கள். தராசு இல்லாத வீடாக இருந்திருந்தால், முகம் உப்பியதைப் பார்த்ததும் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். எங்களிடம் எண் இருந்தது. அதனால் உப்பிய முகத்துக்கு முத்தம் கொடுத்தோம்.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். பகல் முழுக்க நான் ஈரத் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு துணியையும் சிஸ்டர் சின்னத் தராசில் போட்டு, எத்தனை கிராம் நீர் என்று அட்டையில் எழுதினார். நூற்றுப் பத்து. தொண்ணூறு. நூற்று முப்பது. நாங்கள் மின்விசிறியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கும்பிட்டு வரவேற்ற கிராம்கள் அத்தனையும் அந்தத் துணிகளில் வந்துகொண்டிருந்தன.

இரண்டாம் நாள் அவர் பித்தளைக் கல் பெட்டியை வார்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு தடவை சோதிச்சுக்கறேன் சிஸ்டர், ஒரே ஒரு தடவை" என்று நின்றார். சிஸ்டருக்கு எரிச்சல்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிங்க" என்று ஒதுங்கினார். பக்கத்துக் கட்டில் அம்மாக்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர் துணியால் கற்களைப் பிடித்து, வார்டுத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒரு கிராம் பிசகு இல்லை. ஏதாவது ஒரு பிசகு இருக்காதா என்று இன்னொரு தடவை முதலில் இருந்து வைத்தார். அப்புறம் பெட்டியை மூடிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் நோட்டை எடுக்கவில்லை.

நான்காம் நாள் பட்டாணி ஆறு கிலோ அறுநூற்று நாற்பது. பத்து வாரம் அசையாமல் நின்ற அந்த ஏழு கிலோவில் கூட நீர் இருந்திருக்கிறது. கன்னத்தைக் காணோம். கண் மட்டும் பெரிதாக இருந்தது. விலா எலும்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இதுதான் என் மகள். மற்றதெல்லாம் தண்ணீர்.

டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதியை அவர் வார்டிலேயே நின்றபடி சொல்லிவிடுவார்.

"ஆபரேஷன் இப்ப முடியாதுங்க. இதயம் ரொம்ப தளர்ந்து போச்சு. மேஜையில வச்சா அந்த நேரத்தைத் தாங்காது."

"எப்ப முடியும்?" என்றேன்.

"தெரியலம்மா. இதயம் கொஞ்சம் தேறணும். எடை ஏறணும், நெசமான எடை. எல்லா டாக்டரும் கூடிப் பேசினோம்."

"மூணு வாரம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

"செய்யவே முடியாம போயிடுமா?"

"அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்றார். பிறகு வேறு விஷயம் சொன்னார். இனிமேல் அவளுக்கு நீர் அளவோடுதான். பால், மருந்து, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நானூற்று ஐம்பது மில்லி. அதற்கு மேல் ஒரு கரண்டி கூடக் கூடாது. மேலே போனால் மறுபடியும் தேங்கும், இன்னொரு தடவை தேங்கினால் வெளியே எடுக்க முடியாமல் போகலாம். நீங்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மத்தியானம் நாத்தனார் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஷூ விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சொல்லேன்" என்றேன். "நான் அன்னிக்கே சொன்னேனே அண்ணின்னு சொல்லேன். என்னை நாலு அறை விடேன்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "ஒரு தடவைதானே சொன்னேன்" என்றாள். "நீங்க திட்டினதுக்காக நான் வாயை மூடிக்கல அண்ணி. நீங்க திட்டாத நாளே கெடையாது. நான் சொன்னது தப்பா இருக்கட்டும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு. அவ குண்டா இருந்தது எனக்கும் அவ்ளோ பிடிச்சிருந்துச்சு. அதான் ரெண்டாவது தடவை சொல்லல."

நான் அவள் காலில் விழுந்திருப்பேன். அதற்குக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், என்னால் எழ முடியவில்லை. அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். பட்டாணி எங்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அன்றைய அளவு தீர்ந்துபோனது. மிச்சம் இருந்த முப்பது மில்லி மருந்துக்கு. வார்டில் புழுக்கம். பட்டாணியின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. என்னிடம் கையை நீட்டி, "அம்மா, தண்ணி" என்றாள். பிறந்ததில் இருந்து அவள் எதையும் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. நாங்கள்தான் துரத்தித் துரத்திக் கொடுத்தோம். "அப்புறம் தரேன்டா கண்ணு" என்றேன். நாத்தனாரைப் பார்த்து, "அத்த, தண்ணி" என்றாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டாணி அப்பாவைத் தேடினாள். அவர் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவளுடைய நீட்டிய கையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனார். எனக்கு அவர் மேல் கொலைவெறி வந்தது. அவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல ஒரு ஆள் இருந்தாக வேண்டும், அது நான்தான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

அழுது அழுது வியர்த்துவிட்டாள். அழக் கூடாது, அழுதால் இதயத்துக்கு ஆகாது. முகத்தையாவது துடைத்து விடலாம் என்று ஒரு துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, நெற்றியிலும் கழுத்திலும் ஒற்றினேன். கன்னத்துக்கு வந்தபோது சட்டென்று இரண்டு கையாலும் துண்டைப் பற்றி வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். உறிஞ்சினாள். ஒரு கரண்டிப் பாலை அரை நிமிஷம் வாயிலேயே வைத்திருக்கிற பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்க, அந்தத் துண்டை உறிஞ்சினாள். அதில் எத்தனை மில்லி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அண்ணி, கொஞ்சம் விடுங்களேன்" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணு" என்று எனக்குள் எண்ணினேன். "ரெண்டு." மூன்றாவது மடக்குக்குத் துண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், பல்லுக்கு நடுவில் என் விரலை விட்டு வாயைத் திறந்தேன், துண்டை வெளியே எடுத்துவிட்டேன்.